நத்தை செத்த செம்பு

உங்க சொந்தக் கடையில, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வந்து உக்காந்திருக்கற குடும்பத்துக்கு முன்னாடி நின்னுகிட்டு, உங்க சரக்கையே காட்டி "விஷம்! விஷம்!"னு என்னைக்காவது கத்தியிருக்கீங்களா? இல்லல்ல? அப்ப நீங்க வாழ்க்கையில இன்னும் சரியா ஒரு பல்பு கூட வாங்கலன்னு அர்த்தம். நான் வாங்கினேன். பல்பு இல்ல, கோயில் திருவிழா சீரியல் செட்டு.

என் பேரு சங்கரி. பி.எஸ்சி. ஜுவாலஜி. (மார்க்கு கேக்காதீங்க. முடிச்சிட்டேன், அவ்ளோதான்.) செஞ்சி பஜார்ல எங்களுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வர், பித்தளை, செம்பு, அப்புறம் ஒரு சைடு முழுக்க பிளாஸ்டிக் பக்கெட்டு. கடைக்கு ஓனர் நைனா. ஆனா கடைய நடத்தறது அம்மா. நைனா கல்லாவுல உக்காந்து ஃபேன் காத்து வாங்குவாரு. அம்மா விப்பாங்க. எப்படி விப்பாங்கன்னா, கரண்டி வாங்க வந்தவங்க அண்டாவோட போவாங்க. கரண்டிய மறந்துட்டுப் போவாங்க.

எனக்கு அந்த பிளாஸ்டிக் சைடு மேல கண்ணு. அத காலி பண்ணிட்டு அங்க மீன் தொட்டிக் கடை போடணும். நல்ல கலர் மீனு வேணும்னா எங்க ஊர்ல இருந்து பாண்டிச்சேரி வரைக்கும் பஸ் ஏறணும், நடுவுல ஒரு நல்ல கடை கிடையாது, செம பிசினஸ் நைனா, அப்படின்னு நான் கைய ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் ஃபேனையே பாத்தாரு.

"செஞ்சியில மீனுன்னு போர்டு போட்டா, கிலோ இன்னா ரேட்டுன்னுதான்டி கேப்பாங்க."

அதே சமயத்துல எங்க மாமா சென்னையில எனக்கு ஒரு வேலை பாத்து வெச்சிருந்தாரு. காதுல ஹெட்போன மாட்டிகிட்டு, முகம் தெரியாத ஆளுங்க கிட்ட நாள் பூரா திட்டு வாங்கற வேலை. (திட்டு வாங்கறது எனக்கு ஊட்லயே ஃப்ரீயா கெடைக்குது, அதுக்கு எதுக்கு சென்னை?) நான் ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தேன். கடைசியில நைனா ஒரு கண்டிஷன் போட்டாரு.

"கடையில ஒரே ஒரு தொட்டி வெச்சுக்கோ. சின்னதா. பொங்கல் வரைக்கும் ஒரு மீனும் சாவக்கூடாது. சாவலன்னா அந்த சைடு உனக்கு. ஒண்ணு செத்துச்சு, மூட்டையக் கட்டிகிட்டு மாமா ஊட்டுக்குக் கெளம்பு."

அம்மா அப்ப குக்கருக்கு கேஸ்கெட் மாட்டிகிட்டு இருந்தாங்க. ஆனா அவங்க காதுல விழுந்துச்சு. அது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டடித் தொட்டி ஒண்ணு வாங்கி கல்லா பக்கத்துல வெச்சேன். இப்ப இன்னா மீனு? கோல்டு ஃபிஷ்ஷா? சீ, ஜுவாலஜி படிச்சவ கோல்டு ஃபிஷ் வெச்சா கெத்தா இருக்குமா? எனக்கு குட்டி சிக்லிட் தான் வேணும். சிக்லிட்னா மீனுங்கள்ல கொஞ்சம் மூளை இருக்கற ஜாதி. நம்மளப் பாக்கும், மொறைக்கும், குடும்பம் நடத்தும், புள்ளைய வளக்கும். பெருசுங்க அடி நீளத்துக்கு வளந்து தொட்டியையே ஒடைக்கும். இந்த குட்டி வகை வெரல் நீளம்தான், ஆனா திமிரு மட்டும் அதே சைஸு.

மொதல்ல ஆசப்பட்டது ப்ளூ ராம். போட்டோவுல பாத்தா பட்டுப்புடவைய மீனா செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு உப்பே இல்லாத தண்ணி வேணும். எங்க ஊரு போர் தண்ணி இருக்குதே, டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சா காய்ஞ்சதும் அது பவுடர் பூசிகிட்டு நிக்கும். "இன்னாண்ணா, போன மாசம் வாங்கின சொம்பு வெள்ளை பூத்துப்போச்சு"ன்னு கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு சண்டைக்கு வர்றதே இந்தத் தண்ணியாலதான். அதுல ராம விட்டா பொங்கல் இல்ல, அடுத்த செவ்வா வரைக்கும் கூட தாங்காது. அப்புறம் அபிஸ்டோகிராமான்னு ஒண்ணு. பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே மீனு பெருசாயிடும். அதுக்கும் நல்ல தண்ணிதான் வேணுமாம். எல்லாம் மினரல் வாட்டர் பார்ட்டிங்க.

மிச்சம் நின்னது க்ரிபென்சிஸ். சுருக்கமா க்ரிப். ஆப்பிரிக்கா மீனு, எந்தத் தண்ணியிலயும் சமாளிக்கும். பொண்ணு மீனுக்கு வயித்துல நாவப்பழத்த நசுக்கித் தேச்ச மாதிரி ஒரு கலரு. பாத்ததும் முடிவு பண்ணிட்டேன், இவதான் எங்க ஊட்டு மருமவ.

பாண்டிச்சேரியில கடைக்காரண்ணன் கிட்ட விசாரிச்சேன்.

"அண்ணா, இது ரெண்டடித் தொட்டிக்கு ஆவுமா?"

"ஆவும்மா."

"சண்டை போடுமா?"

"போடும்மா."

"அப்ப கூட இன்னா மீனு விடலாம்?"

"எது வேணா விடும்மா."

"சண்டை போடும்னீங்களே?"

"ஆமாம்மா. போடும்."

(அந்த மனுஷன் தப்பா ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.)

அவரு தொட்டியில ஒரு ஜோடி மட்டும் பாதி இடத்த வளைச்சுப் போட்டுகிட்டு, மத்த க்ரிப்புங்கள எல்லாம் எதிர் மூலையில நிக்க வெச்சிருந்துச்சு. "அந்த ரவுடி ஜோடியக் குடுங்கண்ணா"ன்னேன். ரெண்டையும் கவர்ல போட்டு, கவர ஒரு எவர்சில்வர் தூக்குல வெச்சு (பாத்திரக்கடைக்காரன் பொண்ணு வேற எதுல கொண்டாருவா?) பஸ்ஸுல மடியில வெச்சுகிட்டு வந்தேன். திண்டிவனத்துல ஏறின ஒரு அக்கா தூக்கையே பாத்துகிட்டு வந்தாங்க.

"இன்னா பாப்பா அது?"

"மீனுக்கா."

"கொழம்பா?"

"இல்லக்கா, உசுரோட."

"ஊட்டுக்குப் போய்தான் வெக்கணுமா?"

இப்ப தொட்டியில மத்த ஆளுங்க. நான் பெருசா பிளான் பண்ணேன், மாடி ஊடு மாதிரி. மேல ஒரு குடும்பம், நடுவுல க்ரிப்பு, தரையில ஒரு குடும்பம். தரைக்கு கோரின்னு மீச வெச்ச சின்ன மீனுங்கள விட்டேன். பாவம், மண்ண மோந்து பாத்து சாப்புடற சாதுங்க. ஒரு மணி நேரத்துல க்ரிப்பு பொண்ணு அதுங்கள எல்லாம் ஃபில்டருக்குப் பின்னாடி அடுக்கிட்டா. அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸுல படிக்கட்டுல தொங்குவாங்களே, அப்படி ஒண்ணு மேல ஒண்ணா நின்னுச்சுங்க. தரை பூரா அவளுக்கு வேணுமாம். நடுவு நமக்குன்னு நான் நெனச்சிருந்தேன், அவளும் அப்படி நெனைக்கணும்னு இன்னா கட்டாயம்? மறுநாளே அதே தூக்கு, அதே பஸ்ஸு. "நான்தான் சொன்னேனேம்மா, போடும்னு" அப்படின்னாரு அண்ணன்.

பதிலுக்கு ஜீப்ரா டேனியோ வாங்கினேன். கோடு கோடா இருக்கும். மேல மட்டும் சர்ரு சர்ருன்னு ஓடும், கீழ எட்டிக்கூட பாக்காது, தொரத்தினாலும் மாட்டாது. அதோட மஞ்சக் கலர்ல ஒரு பெரிய நத்தை. க்ரிப்பு வந்து இடிச்சா ஓட்டுக்குள்ள போய் மூடிய சாத்திக்கும், அவ்ளோதான், டென்ஷனே கிடையாது. செட்டு ஆயிடுச்சு. நிஜமாவே செட்டு ஆயிடுச்சு! இத மட்டும் நான் சரியா பண்ணேன், இதுக்காவது கை தட்டுங்க.

நைனாவுக்கு மீனு பிடிக்கல. நத்தைய பிடிச்சுப்போச்சு. அது கண்ணாடியில ஒட்டிகிட்டு மெல்ல ஒரு ரவுண்டு வரும், எல்லாரையும் ஒரு பார்வை பாக்கும், ஒரு வேலையும் செய்யாது. "மேனேஜர்"னு பேரு வெச்சாரு. காலையில கடை தொறந்ததும் சாமிக்கு ஊதுபத்தி, அப்புறம் "இன்னா மேனேஜர், சாப்டியா?" அதுக்கப்புறம்தான் எங்கள எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

க்ரிப்பு ஜோடிக்கு முட்டை வெக்க குகை மாதிரி ஒரு இடம் வேணும். நான் ஒரு கொட்டாங்குச்சியக் கவுத்து, ஓரத்துல வாசல் ஒடைச்சு வெச்சேன். கரெக்டான சாமான். அங்கயே விட்டிருக்கணும்.

"பாத்திரக்கடையில கொட்டாங்குச்சியா?" நைனாவுக்கு சுருக்குனு ஆயிடுச்சு. "வர்றவன் இன்னா நெனைப்பான்? கடையில எவ்ளோ சாமான் இருக்குது, ஒண்ணு எடுத்து வைடி."

எவர்சில்வர் வெச்சேன். பளபளன்னு இருந்ததுல ஆம்பள மீனு அதோட மூஞ்சியப் பாத்து அதுகூடவே சண்டைக்குப் போச்சு. எடுத்துட்டேன். அடுத்தது, கேளுங்க, சின்னதா அழகா ஒரு செம்புச் சொம்பு. படுக்க வெச்சேன். மருமவ வயித்துக் கலருக்கும் சொம்புக்கும் அப்படி ஒரு மேட்ச்சு! "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுதான நைனா, மீனுக்கும் நல்லதுதான்" அப்படின்னு வேற டயலாக் வுட்டேன்.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லணும். கொளத்துல நத்தைய ஒழிக்கறதுக்கு காப்பர் சல்பேட் போடுவாங்கன்னு நான் கடைசி வருஷப் பரிச்சையில ஒரு பக்கம் எழுதியிருக்கேன். தலைப்புக்கு அடியில ஸ்கேல் வெச்சு கோடெல்லாம் போட்டு எழுதினேன். காப்பர்னா செம்பு. அது எனக்குத் தெரியும். ஆனா பரிச்சைக்குத் தெரிஞ்சதையும் கடையில தெரிஞ்சதையும் ஒண்ணா வெச்சுப் பாக்கணும்னு யாரும் என்கிட்ட சொல்லல.

கொஞ்ச நாள் சூப்பரா போச்சு. மருமவ வயித்த வளைச்சு வளைச்சு ஆட்டம் போட்டு அவன சொம்புக்குள்ள கூட்டிகிட்டுப் போனா. ஆமாங்க, அந்தக் குடும்பத்துல பொண்ணுதான் லவ்வ சொல்லும். உள்ள மேல்பக்கமா முட்டைய ஒட்டிட்டு அவ உள்ளயே தங்கிட்டா. அவன் வெளிய காவல். கை வெரல் நீளம் கூட இல்ல, கண்ணாடிப் பக்கம் நான் மூஞ்சியக் கொண்டுபோனா செவுளத் தூக்கிகிட்டு நேரா வருவான். எங்க ஊர்ல மலை மேல கோட்டை கட்டி காவல் காத்த கதையெல்லாம் கேட்டு வளந்தவ நான். இவ்ளோ சின்ன கோட்டைக்கு இவ்ளோ பெரிய தைரியத்த நான் எங்கயும் பாத்ததில்ல.

ஆனா மேனேஜர் மட்டும் டல்லா இருந்தாரு. ரவுண்டு வர்றதில்ல. "லீவுல இருக்காரு"ன்னு நைனா சமாதானம் சொல்லிகிட்டாரு.

அன்னிக்கு நல்ல முகூர்த்த சீசன். அனந்தபுரத்துல இருந்து ஒரு பார்ட்டி வந்திருந்தாங்க. கல்யாணப் பொண்ணு, பொண்ணோட அம்மா, பொண்ணோட தாய்மாமன். மாமன் மீச பெரிய மீச, எதச் சொன்னாலும் "அதெப்படி?"ன்னு கேக்கற ஆளு. அம்மா ரெண்டு மணி நேரமா பேசிப் பேசி அவங்கள அண்டா, குத்துவிளக்கு எல்லாம் தாண்டி செம்பு செட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. பெரிய செம்புக் குடம், சொம்பு, டம்ளரு, தண்ணி டிரம்மு, எல்லாம் பாய் மேல பரப்பி வெச்சிருந்துச்சு. "தெனம் காலையில இதுல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா பொண்ணு அப்படியே தங்கமா இருக்கும்"னு அம்மா சொல்லிகிட்டு இருந்தாங்க. அந்த வருஷத்துலயே பெரிய வியாபாரம். நைனா ஃபேனுக்குக் கீழ இருந்தும் வேர்த்துப் போய் உக்காந்திருந்தாரு.

நான் அப்பதான் தொட்டிப் பக்கம் திரும்பினேன். மேனேஜர் தலைகீழா கெடந்தாரு. மூடி தொறந்து, உடம்பு தொங்கிகிட்டு. கிட்ட போய் மோந்தேன். செத்த நத்தை நாத்தம் எப்படின்னு தெரியணும்னா தெரியாமயே இருந்துடுங்க.

அந்த ஒரு செகண்டுல, மூணு வருஷமா தூங்கிகிட்டு இருந்த என் படிப்பு எழுந்து உக்காந்துச்சு.

"நைனா! செம்பு! செம்புதான் காரணம்! அது விஷம் நைனா! செம்புத் தண்ணி விஷம்! மேனேஜர் போயிட்டாரு!"

எதிர்க் கடையில கூட காது கேட்டிருக்கும்.

மாமன் கையில இருந்த செம்பு டம்ளர மெல்ல பாய் மேல வெச்சாரு. நைனா என்னையும் பாக்கல, அவங்களையும் பாக்கல. ஃபேன பாத்தாரு.

நான் அதோட நிறுத்தியிருக்கலாம். (நான் எப்ப நிறுத்தியிருக்கேன்?) முழங்கை வரைக்கும் தொட்டியில கைய வுட்டு சொம்பத் தூக்கினேன். அதுக்குள்ள மருமவ. முட்டைய வுட்டு வெளிய வர மாட்டேங்கறா. உள்ள வெரல வுட்டா கடிக்கிறா. வாயி கடுகு சைஸு, ஆனா கடி கடிதான். ஆட்டுறேன், அவ வரல. கவுக்கறேன், அவ வரல. தண்ணி பூரா ஊத்திகிட்டே இருக்குது, என் சுடிதார் நனைஞ்சு போச்சு. இவ தண்ணியில்லாம செத்துடுவாளேன்னு பதறி, பக்கத்துல பாய் மேல இருந்த பெரிய குடத்துல, மிச்சமிருந்த தண்ணியோட சொம்ப ஒரே உதறா உதறினேன். ப்ளக்குனு உள்ள வுழுந்தா.

அப்பதான் குடத்தப் பாத்தேன்.

"ஐயோ, இதுவும் செம்பு!"

கல்யாணப் பொண்ணு மட்டும் சிரிச்சுட்டா. வாய்ல துப்பட்டாவ வெச்சு அமுக்கிகிட்டா, அப்புறமும் தோளு குலுங்குச்சு.

அம்மா எழுந்தாங்க. அவசரமே படல. அடுக்குல இருந்து ஒரு எவர்சில்வர் சட்டிய எடுத்து, குடத்துல இருந்த தண்ணியையும் மருமவளையும் சாய்ச்சு ஊத்தி, மேல தொட்டித் தண்ணி கொஞ்சம் ஊத்தி என் கையில குடுத்தாங்க. "போய் வுடு." அப்புறம் என் கையில இருந்து சொம்ப வாங்கிகிட்டு மறுபடியும் பாய்ல போய் உக்காந்தாங்க.

மாமன் மீசைய நீவினாரு. "இன்னாம்மா இது? விஷம்ன்றா உங்க பொண்ணு. இதயா எங்க புள்ளைக்குக் குடுக்கப் பாத்தீங்க?"

"ஆமாண்ணா" அப்படின்னாங்க அம்மா.

நைனா ஃபேன வுட்டு கண்ண எடுத்தாரு.

"எங்க பொண்ணு அதுக்குன்னே காலேஜ்ல படிச்சவ, பொய் சொல்ல மாட்டா. நத்தை செத்துதான் போச்சு. தோ, போய் பாத்துட்டு வாங்க." சொம்ப அவரு கையில குடுத்தாங்க. "ஒரு நத்தை, எவ்ளோ பெருசு, ஓட்டோட இருக்குது. அதுவே இந்தத் தண்ணியில பொழைக்கல. அப்ப குடிக்கற தண்ணியில கண்ணுக்கே தெரியாம இருக்குதே புழு, கிருமி, அது பொழைக்குமா? நத்தைக்குத்தாண்ணா ஆவாது. நாம இன்னா நத்தையா?"

மாமன் "அதெப்படி"ன்னு ஆரம்பிச்சாரு. அம்மா அவரு முடிக்க வுடல.

"வேற எடத்துல முலாம் பூசிட்டு செம்புன்னு தராங்க. தாராளமா வாங்குங்க. ஊட்டுக்குப் போய் அதுல ஒரு நத்தையப் போட்டுப் பாருங்க. ஜாலியா உக்காந்திருக்கும். அசல் செம்புன்னாதான் அது சாவும். நான் வாயால சொன்னா நீங்க நம்புவீங்களா? இப்ப கண்ணால பாத்துட்டீங்க."

(அம்மா சொன்னது முழுசா சரின்னு நான் சொல்ல மாட்டேன். தப்புன்னும் சொல்ல வாய் வரல. அப்ப மட்டும் இல்ல, இப்பவும்.)

மாமன் எழுந்து வந்து தொட்டியில எட்டிப் பாத்தாரு. மேனேஜர ஒரு பார்வை. சொம்ப ஒரு பார்வை. திரும்பிப் போய் உக்காந்தாரு.

"இன்னொரு குடமும் சேத்துப் போடுங்க. சின்னப் பொண்ணுக்கும் நாளைக்கு ஆவும்."

நான் சட்டிய கையில வெச்சுகிட்டு அப்படியே நின்னுகிட்டிருந்தேன். சட்டியில மருமவ செவுளத் தூக்கிகிட்டு என்ன மொறைச்சுகிட்டு இருந்தா. ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி சட்டியில, ஒருத்தி பாய்ல. ரெண்டு பேருமே எடத்த வுட்டு நகரல. நான்தான் கடை பூரா தண்ணியக் கொட்டிட்டு நிக்கறேன்.

மீனுங்க எல்லாம் பொழைச்சதுக்கு எங்க ஊரு உப்புத் தண்ணிதான் காரணம். அந்த மாதிரி தண்ணியில செம்போட வேகம் கொஞ்சம் கொறையும். (இதுவும் பரிச்சைக்குப் படிச்சதுதான். லேட்டா ஞாபகம் வந்துச்சு.) தண்ணிய மாத்தி மாத்தி ஊத்தினேன். ஆனா சொம்போட சேந்து முட்டை போச்சு. சொம்பு இருந்த எடத்துல மருமவ சுத்திச் சுத்தி வந்து மண்ண வாயால எடுத்து எடுத்துத் துப்பிகிட்டே இருந்தா. அவனும் அங்கயே நின்னு, ஒண்ணுமே இல்லாத எடத்துக்குக் காவல். அத பாக்க முடியாம நான் அன்னிக்கு பக்கெட்டு சைடுல போய் உக்காந்துட்டேன்.

வந்து பாத்தா, தொட்டியில கொட்டாங்குச்சி. நைனாதான் குப்பையில இருந்து எடுத்து, கழுவி, கவுத்து வெச்சிருந்தாரு. கை நனைஞ்சிருந்துச்சு. "இன்னாடி பாக்கற? பாத்திரக்கடையில கொட்டாங்குச்சி இருக்கக் கூடாதா?" அப்படின்னாரு.

அதுலதான் மறுபடியும் முட்டை வெச்சா. ஒரு நாள் காலையில கொட்டாங்குச்சி வாசல்ல புகை மாதிரி ஒரு கூட்டம். குட்டிங்க! அம்மாக்காரி நடுவுல, அப்பன்காரன் பின்னாடி, குட்டிங்க எல்லாம் மண்ண ஒட்டிகிட்டே ஊர்வலம். டேனியோ ஒண்ணு தெரியாம கொஞ்சம் கீழ எறங்குச்சு. மருமவ திரும்பிப் பாத்தா, அவ்ளோதான், அது மேல போய் மூடியில முட்டிகிச்சு. நைனா ஸ்டூல இழுத்துப் போட்டுகிட்டு உக்காந்தாரு. அன்னிக்கு ரெண்டு கஸ்டமர் கூப்ட்டுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

பொங்கல் வந்துச்சு. நைனா கண்டிஷன எடுத்தாரு.

"மேனேஜர் செத்தான்ல? கண்டிஷன் கண்டிஷன்தான். மாமாவுக்கு போன போடு."

அம்மா மறுபடியும் குக்கர்தான் ரிப்பேர் பண்ணிகிட்டு இருந்தாங்க. தலைய நிமிந்து கூட பாக்கல.

"ஒரு மீனும் சாவக்கூடாதுன்னுதான நீங்க சொன்னது? நத்தை மீனா?"

நைனா என்னப் பாத்தாரு. நான் நேரா நின்னேன். பட்டம் வாங்கினதுக்கப்புறம் என்கிட்ட யாராவது கேட்ட மொதல் ஜுவாலஜி கேள்வி அதுதான்.

"நத்தை மெல்லுடலி நைனா. மீனுக்கு முதுகெலும்பு உண்டு. இதுக்குக் கிடையாது. சொந்தமே இல்ல."

நைனா ஃபேனப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சுட்டாரு.

இப்ப கடைக்கு வர்றவங்க, அதுலயும் அனந்தபுரம் சைடுல இருந்து வர்றவங்க, உள்ள வரும்போதே "நத்தை செத்த செம்பு இருக்குதா?"ன்னு கேக்கறாங்க. நைனா உடனே மேனேஜர் கதைய முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. நான் கத்தின டயலாக்க என்ன மாதிரியே கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவாரு. சொந்தக்காரங்க கல்யாணத்துல யாராவது செம்பு டம்ளர்ல தண்ணி குடுத்தா, எல்லாரும் என் பக்கம் திரும்பி "சங்கரி, குடிக்கலாமா?" அப்படின்றாங்க. தாய்மாமன் கூட. எந்தத் தாய்மாமன்னு கேக்கறீங்களா? சென்னை வேலைய பாத்து வெச்சாரே, அதே மாமாதான்.

பிளாஸ்டிக் பக்கெட்டெல்லாம் இப்ப மாடிப்படிக்குக் கீழ இருக்குது.